அத்தியாயம் 3: மழைக்கு ஒரு பென்சில், பலகைக்கு ஒரு பென்சில்

ஆனி மாதம் பேச்சிப்பாறையில் ஒரு நோட்டை ராத்திரி முழுக்கச் சன்னலோரம் திறந்து வைத்துவிடுங்கள். காலையில் அதில் 2எச் பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழாது, பள்ளம்தான் விழும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும். அதே நோட்டில் அதே பென்சில் மாசி வெயிலில் தலைமுடி போல மெல்லிசாக, சுத்தமாக ஒரு கோடு போடும். பென்சிலில் எந்த மாற்றமும் இல்லை. தாள்தான் மாறிப்போயிருக்கிறது.

பென்சில் எழுதுகிறது என்கிறோம். உண்மையில் வேலை செய்வது தாள். தாளின் நார் ஒரு பொடி அரம் மாதிரி. முனை அதன்மேல் போகும்போது நார் முனையை ராவி, ராவிய தூளைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அந்தத் தூள்தான் கோடு. ஈரம் குடித்த நார் ஊதி இளகிவிடும், அரம் மழுங்கிவிடும். மழுங்கிய அரத்தால் கடின முனையை ராவ முடியாது. இளகிய முனையானால் தானே உதிர்ந்து கொடுக்கும்.

இங்கே இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், பிடித்தால் ஆடி வரை ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் 48 அடியை நோக்கி ஏறுகிற நாட்களில் வீட்டுக்குள் இருக்கும் தாளும் ஏறக்குறைய அணைக்குள் இருப்பது மாதிரிதான். ஆகவே கடைக்குப் போய் ‘நல்ல பென்சில் ஒண்ணு குடுங்க’ என்று கேட்பது பாதிக் கேள்வி. எந்தத் தாளில், எந்த மாதத்தில், என்ன வேலைக்கு என்பது மீதிப் பாதி. கடைக்காரர் அதைக் கேட்கமாட்டார். எச்பி ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார்.

லெட்டுக்குள் என்ன இருக்கிறது

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பிள்ளை பென்சில் முனையை நக்குகிறது, ‘லெட்’ வயிற்றுக்குள் போனால் விஷமில்லையா என்று கேட்காத தாய்மார் இல்லை. இன்று கடையில் வாங்குகிற பென்சிலின் நடுத்தண்டில் ஈயம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலையில் கிடைத்த கறுப்புப் பொருளை ஈயத்தில் ஒரு வகை என்று எண்ணிவிட்டார்கள். நம்மவர்களும் காரீயம் என்றுதான் சொல்லிவந்தார்கள். 1779இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர் அது கரியின் ஒரு வடிவம் என்று காட்டினார். 1789இல் வெர்னர் என்ற ஜெர்மானியர், எழுதுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கிராஃபைட்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் திருந்தி இருநூறு வருஷம் கடந்தும் கடையில் அது லெட்தான். நானும் லெட் என்றே எழுதுகிறேன். பிள்ளை கடிப்பதில் கவலைப்பட வேண்டியது மேலே பூசிய பெயிண்டைப் பற்றித்தான்.

கிராஃபைட் நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. பேச்சிப்பாறை அணை 1906இல் திருவிதாங்கூர் அரசின் கீழ் கட்டி முடிந்த காலத்தில், அதே அரசின் நெடுமங்காடு பக்கம் வெள்ளநாட்டில் மார்கன் குரூசிபிள் என்ற இங்கிலாந்துக் கம்பெனி கிராஃபைட் தோண்டிக்கொண்டிருந்தது. 1912 வாக்கில் அந்த வேலை நின்றுபோனது. அவர்கள் தோண்டியது பென்சிலுக்காக அல்ல. உலோகம் உருக்கும் மூசைக்காக. கடும் சூட்டிலும் உருகாது என்பதால் கிராஃபைட்டின் பெரிய சந்தை நெடுங்காலம் உலைக்களமாகத்தான் இருந்தது, பென்சில் ஒரு ஓரம். இன்று தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுப்பது செதில் கிராஃபைட். பாறைக்குள் மீன் செதில் மாதிரிச் சிதறிக் கிடக்கும். பாறையை அரைத்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். இலங்கையில் போகலவிலும் ககட்டகஹவிலும் கிடைப்பது வேறு ரகம். பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடிய கட்டிக் கிராஃபைட், வெட்டும்போதே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கரி. இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பச் செல்வம் கிராஃபைட் சுரங்கத் தொழிலில் வந்ததுதான்.

இனி ஒரு புதிர். கிராஃபைட் எங்கிருந்து வந்தாலும் மெத்தென்றுதான் இருக்கும். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் இடம் 1க்கும் 2க்கும் நடுவில். முகப்பவுடர் செய்கிற டால்க் கல்லுக்குப் பக்கத்து வீடு. காரணம் அதன் அடுக்கு. ஒவ்வொரு கரி அணுவும் தன் தட்டிலேயே உள்ள மூன்று அணுக்களை இறுகப் பிடித்திருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் பிடி மிகத் தளர்வு. வெற்றிலைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இலையைக் கிழிக்க விரல் பலம் வேண்டும், கட்டைச் சாய்த்தாலோ இலைகள் தாமாகச் சரிந்து விழும். பென்சில் கோடு என்பது சரிந்து விழுந்த வெற்றிலைகள். அப்படியானால், தாளைக் கிழிக்கும் 6எச் எப்படி வந்தது?

களிமண்ணால் வந்தது. லெட்டின் கடினத்தை முடிவு செய்வது கிராஃபைட் அல்ல, அதோடு சேர்ந்து வெந்த களிமண். இதை ஒருமுறை மனசில் போட்டுக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மீதியெல்லாம் தானே புரியும்.

1790களில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர். பாரோடேல் கட்டி பிரான்சுக்கு வருவது நின்றுபோனது. நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர், கையில் இருந்த மட்டமான கிராஃபைட்டைத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் வியன்னாவில் யோசப் ஹார்ட்முத்தும் இதே வழியில் பென்சில் செய்தார். தட்டுப்பாட்டுக்காகக் கண்டுபிடித்த கலப்படம், அசலைவிட நல்ல சரக்காகிவிட்டது. கலப்பு விகிதத்தை மாற்றினால் கடினம் மாறும் என்பதை இங்கேதான் கண்டுகொண்டார்கள். வெறும் கட்டியை அறுத்துச் செய்த பழைய பென்சிலில் அது முடியாத காரியம்.

செங்கல் சூளை பார்த்தவர்களுக்கு இது நொடியில் விளங்கும். மண்ணில் உமியை அதிகம் சேர்த்துச் சுட்ட கல், கையில் லேசாக இருக்கும். நகம் பட்டாலே உதிரும். உமி குறைந்தால் கல் இறுகும். லெட்டில் உமியின் இடத்தில் கிராஃபைட். ஒரே வித்தியாசம், உமி சூளையில் எரிந்து போய்விடும், கிராஃபைட் எரியாமல் இருக்கக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துச் சுடுவார்கள். மாவு இடியாப்ப உரலில் பிழிவது போலக் கம்பியாக வந்து, காய்ந்து, 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து, பிறகு சூடான மெழுகில் முங்கும். நீர் வற்றிப்போன துளைகளில் மெழுகு ஏறும். மெழுகு ஏறாத லெட் தாளில் கீச்சென்று கத்தும். விலை குறைந்த சில பென்சில்களில் அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஏறத்தாழக் கணக்கு இது: எச்பி லெட்டில் கிராஃபைட் நூற்றுக்கு 68, களிமண் 26. 9எச்சில் கிராஃபைட் 41, களிமண் 53; பாதிக்கு மேல் மண். 8பியில் கிராஃபைட் 90, மண் 4தான். மெழுகு எல்லாவற்றிலும் 5 சொச்சம். கம்பெனிக்குக் கம்பெனி இது கூடும், குறையும். தூள் எவ்வளவு நைசாக அரைபட்டது, எத்தனை சூட்டில் வெந்தது என்பதும் சேரும்.

இதை வீட்டில் கண்ணால் பார்க்கலாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், சுட்ட களிமண் கடத்தாது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்இடி விளக்கு, இரண்டு துண்டு வயர் போதும். தாளில் 6பி பென்சிலால் விரல் அகலத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டையைக் கறுப்பாக, திரும்பத் திரும்பத் தேய்த்து நிரப்புங்கள். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து வயர் பட்டையின் ஒரு ஓரத்துக்கு. பட்டையின் மறு ஓரத்தில் எல்இடியின் ஒரு கால். மற்றக் காலிலிருந்து பேட்டரிக்கு. விளக்கு எரியாவிட்டால் கால்களை மாற்றிப் பிடியுங்கள். அறையை இருட்டாக்கினால் மங்கலாக எரிவது தெரியும். வயரை நெருக்கிக்கொண்டு வந்தால் வெளிச்சம் ஏறும். அதே அளவுப் பட்டையை 2எச்சில் நிரப்பிப் பாருங்கள், விளக்கு கண்ணைத் திறக்காது. எல்இடியை மட்டும் பேட்டரியில் நேராகத் தொடவிடாதீர்கள், கருகிவிடும். பென்சில் பட்டைதான் அதற்குக் காவல்.

எச் ஒரு சாதி, பி ஒரு சாதி

எச் என்றால் ‘ஹார்டு’, கடினம். பி என்றால் ‘பிளாக்’, கறுப்பு. கவனித்துப் பார்த்தால் இரண்டும் எதிர்ச்சொற்களே அல்ல. ஒன்று கைக்குத் தெரிவதைச் சொல்கிறது, மற்றது கண்ணுக்குத் தெரிவதை. கடினம் கேட்டவர்கள் வரைபடக்காரர்கள், கறுப்புக் கேட்டவர்கள் ஓவியர்கள். இரண்டு வாடிக்கையாளரின் தேவையை ஒரே கோலில் கோர்த்ததால் வந்த எழுத்துகள் இவை. எண் ஏற ஏற அந்தக் குணம் ஏறும். நடுவில் எச்பி, அதற்கும் எச்சுக்கும் இடையில் எஃப். ஹார்ட்முத் கம்பெனி 1890 வாக்கில் கோஹினூர் என்ற மஞ்சள் பென்சிலை 17 படிகளில் கொண்டுவந்த பிறகு இந்த வரிசை உலகமெங்கும் நிலைத்துவிட்டது. கோஹினூர் நம் நாட்டு வைரத்தின் பெயர். வைரமும் கரிதான், மோஸ் அளவில் 10. அந்தப் பெயரை உலகத்தின் மெத்தென்ற கரிக்கு வைத்தவருக்கு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பென்சிலில் எழுத்துக்குப் பதில் எண் இருக்கும். அங்கே 2 என்றால் நம் எச்பி.

இனிதான் கடையில் ஏமாறாமல் இருக்க வேண்டிய இடம். இவ்வளவு கறுப்பு இருந்தால்தான் 2பி என்று எல்லாக் கம்பெனியையும் கட்டுப்படுத்துகிற அளவு எதுவும் புழக்கத்தில் இல்லை. ஒரு கம்பெனியின் எச்பி இன்னொரு கம்பெனியின் பியைவிடக் கறுப்பாக இருக்கலாம். ஒரு தடவை, பேர் தெரியாத கம்பெனியின் 4பி ஒரு டஜன் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தேன். என்னிடம் இருந்த பழைய எச்பிக்குப் பக்கத்தில் வைத்து வரைந்தால் இரண்டு கோட்டையும் பிரிக்க முடியவில்லை. எழுத்து, ஒரே கம்பெனியின் வரிசைக்குள் எது எதைவிடக் கறுப்பு என்று சொல்லும். அதற்கு மேல் சொல்லாது. அதனால் பல எண் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். ‘எக்ஸ்ட்ரா டார்க்’ என்று மட்டும் போட்டு எழுத்தே இல்லாத பள்ளிக்கூடப் பென்சில்கள் என் கையில் பி, 2பி பக்கமாக வருகின்றன.

வாங்கும் முன் சோதிக்க, உங்கள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் நீட்டும் பில் தாளின் வழவழப்பு வேறு, உங்கள் நோட்டின் சொரசொரப்பு வேறு. ஒரு கோடு போட்டுப் பாருங்கள். விரலால் ஒரு தடவை இழுத்துத் தேயுங்கள். பிறகு அழியுங்கள். மூன்றும் ஒரு நிமிஷ வேலை. கடைக்காரர் முறைத்தால் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

எந்த வேலைக்கு எது

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் செய்கிற தவறு, கறுப்பாக எழுத வேண்டும் என்று அழுத்தச் சொல்வது. பிள்ளையின் நோட்டை எடுத்து எழுதிய பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு கையில் தட்டினால் அந்தப் பிள்ளை பென்சிலோடு மல்லுக்கு நிற்கிறது என்று அர்த்தம். எச்பியை வாங்கி வைத்துவிட்டு 2பி கொடுங்கள். கை வலி குறையும், எழுத்தும் கறுக்கும். அடிக்கடி சீவ வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் நஷ்டம். மழை மாதங்களில் எல்லாருக்குமே ஒரு படி பி பக்கம் இறங்குவது நல்லது. எச்பியில் எழுதுகிறவர் பி, எச்சில் வரைகிறவர் எஃப் அல்லது எச்பி.

ஐடிஐ, பாலிடெக்னிக் வரைபடத்தில் அடிக்கோடு 2எச், முடிவுக் கோடு எச், எழுத்துக்கு எச்பி என்பது வழக்கமான பாடம். அணைகள் கட்டிய அந்தக் காலத்து வரைபடக்காரர்கள் கடின பென்சிலில் வரைந்துவிட்டு மேலே இந்தியன் இங்க் ஏற்றுவார்கள். மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழிக்க வேண்டும், அழிக்கும்போது மை கலங்கக் கூடாது. அதற்குக் குறைவான தூள் விடும் 3எச், 4எச்தான் தோது. கம்ப்யூட்டர் வந்த பிறகு 4எச் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். குலசேகரத்தில் கேட்டால் நாகர்கோவிலுக்குப் போகச் சொல்வார்கள்.

ஓவியத்துக்கு 14 பென்சில் உள்ள டப்பா வேண்டாம். எச்பி, 2பி, 4பி, 6பி நான்கு போதும். எத்தனை பி போட்டாலும் கிராஃபைட் ஒரு அளவுக்கு மேல் கறுக்காது, பளபளக்கத் தொடங்கும். தட்டுகள் எல்லாம் படுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். மையிருட்டு வேண்டிய இடத்தில் கரித்துண்டுதான் கதி. ஈரத் தாளில் முதலில் 6பியில் இறங்கி மேலே 2எச்சில் திருத்த நினைக்காதீர்கள், கடின முனை மெழுகேறிய இடத்தில் வழுக்கும், ஈரமான இடத்தில் கிழிக்கும்.

ஆசாரிமார் காதில் செருகும் தட்டைப் பென்சில் ஏன் தட்டை என்று கேட்டால் உருளாமல் இருக்க என்பார்கள். அது பாதிக் காரணம். சொரசொரப்பான பலகையில் உருண்டைக் கூர் அடுத்த நிமிஷமே மழுங்கும். தட்டை லெட்டை உளி மாதிரிச் சீவினால் குறுகிய பக்கத்தில் மெல்லிய கோடு, அகலப் பக்கத்தில் தடித்த கோடு. ரப்பர் மரப் பலகை வெளுப்பு. எந்தப் பென்சிலும் தெரியும். அயனியும் தேக்கும் அப்படியல்ல, பழுப்பேறிய பலகையில் கிராஃபைட்டின் சாம்பல் நிறம் கண்ணில் படாது. அங்கே வெள்ளையோ மஞ்சளோ பென்சில் எடுங்கள். அது கிராஃபைட் அல்ல, நிறப்பொடியும் மெழுகும் சேர்ந்தது, சூளையில் சுடுவதும் இல்லை. அதனால் எவ்வளவு கூர் சீவினாலும் நிற்காது. மூட்டுக்குக் குறிக்கும்போது நல்ல ஆசாரி பென்சிலை நம்பமாட்டார், கத்தி முனையால் கீறுவார். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கீறலுக்கு இல்லை.

மழையில் நின்று குறிப்பெழுதுகிறவர்களுக்குப் பென்சிலை விட்டால் வேறு துணை இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் கணக்கு எழுதுகிறவர் கையும் நோட்டும் எப்போதும் ஈரம். பேனா மை கரைந்து படரும், கிராஃபைட் தண்ணீரிலும் கரையாது, சாராயத்திலும் கரையாது. தாவரம், பூச்சி, மீன் மாதிரிகளைத் திரவத்தில் போட்டு வைக்கும் அருங்காட்சியகங்களில் சீசாவுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுகிற பழக்கம் இதனால்தான் இன்றும் போகவில்லை. காட்டுக்குள் போகிறவர் 2பி கொண்டுபோனால் போதும். பென் பென்சில் வேண்டாம். அதில் வரும் அரை மில்லிமீட்டர் லெட்டில் களிமண் இல்லை. 1960இல் ஜப்பானின் பென்டெல் கம்பெனி கொண்டுவந்த முறையில் பிளாஸ்டிக் பிசினைக் கரியாக்கிக் கட்டியது. களிமண் லெட்டை அவ்வளவு மெல்லிசாகச் செய்தால் ஒடிந்துவிடும். வீட்டு மேசைக்கு அது அருமை. மேடுபள்ளத்தில் நின்று ஈரத் தாளில் எழுதும்போது அதன் ஊசி முனை தாளைக் குத்தி ஓட்டை போடும்.

செல்போன் கடையின் 9எச்

பென்சில் அளவு நம் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது. செல்போனுக்கு ஒட்டும் கண்ணாடி அட்டையில் ‘9எச்’ என்று போட்டிருக்கும். கடைக்காரப் பையன் வைரத்துக்கு அடுத்த பலம் என்பான். வைரத்துக்கு அடுத்த 9 என்பது மோஸ் அளவு, அந்த இடம் குருந்தக் கல்லுக்கு. அட்டையில் இருப்பது பென்சில் எண்.

பெயிண்ட் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. லெட்டின் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடை அழுத்த, பூச்சின்மேல் தள்ளுவார்கள். கீறாத பென்சில்களில் எது மிகக் கடினமோ அதன் எண்தான் பூச்சின் கடினம். ஐஎஸ்ஓ 15184 என்பது இதற்கான உலக விதி. ஆக, 9எச் என்றால் 9எச் பென்சில் அதைக் கீறவில்லை, அவ்வளவுதான். வெந்த களிமண்ணும் கரியும் சேர்ந்த குச்சி கண்ணாடியைக் கீறாதது அதிசயமா? கோதையாற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. ஒரு மணல் துகளோடு போனைப் பைக்குள் போட்டால் 9எச் கண்ணாடியில் கீறல் விழும். அட்டையைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மரமும் சீவலும்

நல்ல லெட்டைக் கெட்ட மரம் கெடுக்கும். பென்சில் மரம் நார் நேராக, கனமில்லாமல், எந்தப் பக்கம் சீவினாலும் ஒரே மாதிரி வழிய வேண்டும். அமெரிக்காவில் அதற்குச் சீடர், நம் நாட்டில் இன்று பெரும்பாலும் காஷ்மீர் புல்வாமா பக்கத்துப் பாப்லர். நம் மலையோரத்தில் தானே முளைக்கும் வட்டக்கண்ணியும் பென்சில் மரம்தான். கேரளத்தார் வட்டை என்பார்கள். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் நடுமுதுகில் சேர்ந்திருக்கும். குடை பிடித்தது போல இருக்கும் அந்த இலையை வைத்தே மரத்தைக் கண்டுபிடிக்கலாம். வெட்டிப்போட்ட காட்டில் முதலில் எழும்புவது அதுதான். தீப்பெட்டிக்கும் பெட்டிப் பலகைக்கும் போவது போலப் பென்சிலுக்கும் போயிருக்கிறது.

வாங்கும்போது பென்சிலின் சீவாத முனையை நேராகப் பாருங்கள். லெட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் வைத்துவிடுங்கள். கட்டரில் சுற்றும்போது ஒரு பக்கம் மரம் தடித்தும் மறுபக்கம் லெட் வெளியே தெரிந்தும் வரும், ஒடியும். சீவச்சீவ ஒடிகிற பென்சில் என்றால் பெரும்பாலும் முன்னமே கீழே விழுந்து உள்ளே துண்டு துண்டாகிப்போனது. களிமண் சுட்டது எதுவானாலும் பானை மாதிரித்தான். பி பக்கம் உள்ள பென்சில்களில் லெட் தடிமனாக இருப்பதும் இந்தப் பயத்தால்தான், மெல்லிசாகப் போட்டால் தாங்காது.

எழுத்து அச்சடித்த முனைக்கு எதிர் முனையைச் சீவுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும். மூன்று பென்சில் குட்டையான பிறகு எது 2பி, எது 4பி என்று தேடும்போது அருமை புரியும். 2எச்சைக் கத்தியால் நீளக் கூராகச் சீவலாம், 6பியைக் குட்டையாக விடுங்கள்.

மழைக்காலத்தில் பாதுகாக்க வேண்டியது பென்சிலை அல்ல, தாளை. நன்றாக மூடும் தகரப் பெட்டியில் வைத்தாலே பாதி ஈரம் அண்டாது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஒரு வரைபடக் கட்டைக் காயப்போட்டுப் பார்த்தவன் நான். தாள் காய்ந்தது. வாசனை நாலு வருஷமாகப் போகவில்லை.

அழி ரப்பர்

பேச்சிப்பாறையில் இருந்துகொண்டு ரப்பரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பால்வெட்டுக்காரர்கள் கோபிப்பார்கள். ரப்பருக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர் வந்ததே பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததால்தான். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி அதைக் குறித்து வைத்தார். அதற்கு முன் ரொட்டித் துண்டால் அழித்துக்கொண்டிருந்தார்கள். டயர் வருவதற்கு முன்னாலேயே ஐரோப்பாவில் ரப்பருக்குக் கிடைத்த வேலைகளில் இதுவும் ஒன்று. கீரிப்பாறையிலும் கோதையாற்றிலும் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் வடிகிற பாலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று அழிப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக்கால். தூசி விடாத வெள்ளை அழி ரப்பர் பிவிசி. அது நன்றாகவே அழிக்கும். ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் நேராகப் போட்டு வைக்காதீர்கள். அதை இளக்கச் சேர்த்த எண்ணெய் டப்பாவைத் தின்று இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அட்டை உறையைக் கழற்றாமல் வைப்பது அதற்குத்தான்.

எச் கோட்டை அழித்தால் கறுப்பு போகும், பள்ளம் போகாது. மேலே 4பி பூசினால் பள்ளம் வெள்ளைக் கோடாக எழும்பி வந்து காட்டிக்கொடுக்கும். பி கோட்டைத் தேய்த்தால் பரவும். முதலில் அழி ரப்பரை அழுத்தி அழுத்தி எடுத்துத் தூளைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை ஒரே திசையில் தேயுங்கள். ஈரத் தாளில் இரண்டுமே கஷ்டம். காயும் வரை காத்திருங்கள்.

குட்டையாகிப்போன 6பித் துண்டுகளை வீசிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் கேட்டுப் பூட்டு இறுகிக்கொண்டால் எண்ணெய் விடுகிறோம். எண்ணெய் தூசியைப் பிடித்து அடுத்த மழைக்கு இன்னும் இறுகும். அதற்குப் பதில் சாவியின் பல்லிலும் இரண்டு பக்கத்திலும் 6பியைக் கறுக்கத் தேய்த்து, பூட்டுக்குள் விட்டு எடுத்து, மறுபடி தேய்த்து, நாலைந்து தடவை செய்யுங்கள். வெற்றிலைகள் உள்ளே சரிந்து வழி விடும். சிக்கிய ஜிப்புக்கும் இதே வைத்தியம். வீட்டில் 2எச்தான் இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு சுட்ட மண். பூட்டுக்குள் போனால் திரும்ப வராது.